6-ஆம் வகுப்புக் கணக்கு: “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது டீச்சர்”, நோட்டைத் திறந்தால் ஒன்றுமில்லை

புதுச்சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். பி.எட். முடித்து இந்த ஜூனில்தான் பள்ளிக்கு வந்திருக்கிறேன். 6-ஆம் வகுப்பு, கணக்கு, தமிழ் வழி. 44 பேர். பீரியட் 40 நிமிடம்.

பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவதில் பாதிகூட நடப்பதில்லை. வணக்கம் வாங்கி, முந்தைய பீரியட்காரர் போர்டில் எழுதிவிட்டுப் போனதை அழித்து, “கணக்கு நோட்டை எடுங்க” என்று மூன்று தடவை சொல்வதற்குள் 10 நிமிடம் போய்விடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி “புரிஞ்சுதா?” என்றால் கூரை அதிர “புரிஞ்சுது டீச்சர்”. அதே மாதிரி இன்னொன்று கொடுத்தால் முன் பெஞ்சில் ஆறேழு பேர் போடுகிறார்கள். மற்றவர்கள் அவர்கள் முடிக்கிறவரை பென்சிலைச் சீவிக்கொண்டிருந்துவிட்டுப் பார்த்து எழுதுகிறார்கள்.

402 − 178 கொடுத்தேன். 376 என்று பதினைந்து பேர், 234 என்று ஆறு பேர். 6-ஆம் வகுப்பில் கழித்தலிலிருந்தா ஆரம்பிப்பது, பாடத்தை நடத்துவதா? லீடரை விட்டுப் பேசுகிறவர்கள் பேரை எழுதச் சொன்னால் போர்டு நிரம்புகிறது, சத்தம் குறையவில்லை. 3 செக்‌ஷனுக்கும் சேர்த்து 130 நோட்டு, திருத்தவே முடியவில்லை.

கல்வி உளவியல் தேர்வுக்குப் படித்தது போதும். நாளைக் காலையில் வகுப்பில் செய்யக்கூடியது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

மணிச்சட்டம் எழுதியது:

376, 234 என்று தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே தப்பு இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் கேட்காது.

376 போட்டவன் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். 8-இல் 2 போனால் 6, 7-இல் 0 போனால் 7, 4-இல் 1 போனால் 3. மேலே எது, கீழே எது என்பதே அவனுக்குக் கணக்கில்லை. 402 என்பதை ஒரே எண்ணாகப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று தனி எண்களாகப் பார்க்கிறான். 234 போட்டவன் ரொம்ப தூரம் வந்துவிட்டவன். நூறை உடைக்கத் தெரியும், 0-ஐப் 10 ஆக்கத் தெரியும், ஒன்றின் இடத்தில் இருக்கும் 2-ஐ 12 ஆக்கவும் தெரியும். அந்தப் பத்தை ஒன்றுக்காக உடைத்த பிறகு அது 9 ஆகிவிடும் என்பது ஒன்றுதான் விட்டுப்போயிற்று. அவனுக்கு இரண்டு நிமிட வேலை. முதலாமவனுக்கு இரண்டு வாரம்.

ஒரு நாள் 15 நிமிடம் ஒதுக்கி, துண்டுத்தாளில் இந்த ஐந்தை மட்டும் கொடுங்கள்: 58 − 23, 63 − 27, 345 − 128, 402 − 178, 500 − 263. மார்க் போட வேண்டாம், விடையை மட்டும் பாருங்கள். 63 − 27-க்கு 44 வந்தால் பெரியதில் சின்னது கழித்தவன். 46 வந்தால் பத்தை உடைத்துவிட்டு, மேலே குறைக்க மறந்தவன். 402 − 178-க்கு 274 வந்தால் நடுவில் இருக்கும் 0-ஐத் தாண்டி நூறிலிருந்து நேராக ஒன்றின் இடத்துக்குக் கொண்டுபோனவன். தாள்களை விடை வாரியாக அடுக்கினால் நான்கைந்து கட்டு சேரும். உங்கள் 44 பேரும் அந்தக் கட்டுகளுக்குள் அடங்கிவிடுவார்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது “கடன் வாங்கு” என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. கடன் என்றால் திருப்பிக் கொடுக்கணும். இங்கே யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. “சில்லறை மாத்து” என்று சொல்லிப் பாருங்கள், கடைக்குப் போகிற பிள்ளைக்கு உடனே பிடிபடும். பழைய நோட்டுத் தாளில் 100, 10, 1 என்று எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 100 ஐந்து, 10 இருபது, 1 இருபது போதும். கையில் 402: நாலு நூறு, ரெண்டு ஒன்று. 178 கொடுக்கணும். 8 ரூபாய்க்குச் சில்லறை இல்லை, பத்தும் இல்லை. ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றுகிறான். அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்றுகிறான். இப்போது மேசையில் என்ன இருக்கிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று விளக்கவே வேண்டாம், கண்ணெதிரே கிடக்கிறது.

அடுத்த நாள் தாளை எடுத்து வைத்துவிட்டு 402 = 300 + 90 + 12 என்று எழுத வேண்டும். அதிலிருந்து 100 + 70 + 8 போனால் 200 + 20 + 4. மூன்றாம் நாள்தான் வழக்கமான செங்குத்துக் கழித்தல். நடுவில் இருக்கும் படியைத் தாண்டினால் தாளில் செய்தது வேறு, நோட்டில் செய்வது வேறு என்று ஆகிவிடும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். விடை வந்ததும் 224 + 178 கூட்டிப் பார்த்து 402 வருகிறதா என்று கீழேயே எழுதச் சொல்லுங்கள். 376 போட்டவன் தானே நின்றுவிடுவான்.

பாடத்தை விடணுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முதல் பருவத்தில் முதல் இயலே எண்கள்தான். இடமதிப்பு அதிலேயே வருகிறது. இதை அதற்குள்ளேயே வைத்துவிடலாம். பின்னங்கள் மூன்றாம் பருவத்தில்தான் வருகின்றன. அதற்குள் கழித்தலும் வகுத்தலும் கைக்கு வந்தாக வேண்டும்.

---

கோபுரம்_பிடி எழுதியது:

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025-26-இல் 6-ஆம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் 1-ஆம் வகுப்பு 2020-21. கொரோனாவால் மூடிய பள்ளி தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரைக்கும் திறந்ததே 2021 நவம்பர் 1-இல். குச்சியைக் கட்டி, பத்து என்று கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய வருஷம் அவர்களுக்கு நடக்கவே இல்லை. “அஞ்சாவதுல என்ன படிச்சீங்க” என்று கேட்டுப் பயனில்லை, அந்த ஓட்டை அதற்கும் கீழே இருக்கிறது. அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் 1 முதல் 3 வரை வந்தபோது அவர்கள் மூன்றாவது.

இன்னொரு எச்சரிக்கை. அந்தத் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். 6-ஆம் வகுப்பில் குழு பிரித்து அதே பேரை வைக்காதீர்கள். “நீ இன்னும் அரும்பா” என்று மதிய இடைவேளையிலேயே கேலி ஆரம்பித்துவிடும். கட்டுகளுக்குப் பேரே வேண்டாம். “இன்னைக்கு இந்த எட்டுப் பேர் சன்னலோரம் வாங்க” என்றால் போதும். வாரா வாரம் ஆட்கள் மாறவும் வேண்டும்.

---

புதுச்சாக்பீஸ் எழுதியது:

மிக்க நன்றி. துண்டுத்தாள் இன்றே தயார் செய்கிறேன். எட்டுப் பேரைச் சன்னலோரம் கூப்பிட்டால் மீதி 36 பேர் என்ன செய்வார்கள்? அதை நினைத்தால்தான் பயம். முதல் 10 நிமிடப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது.

---

இரண்டாம்_மணி எழுதியது:

36 பேர் ஏற்கெனவே தெரிந்ததைப் போடணும், அவ்வளவுதான். புதுசு சொல்லிக்கொடுத்த நாளில் குழு வைத்தால் வகுப்பு சிதறும். நேற்றுப் போட்ட மாதிரிக் கணக்கையே எண் மாற்றி 5 கொடுங்க, விடைகளைக் கலைத்துப் போட்டு ஓரத்தில் எழுதுங்க. தான் போட்ட விடை அந்த வரிசையில் இல்லைன்னா அவனே திரும்பப் போடுவான், உங்ககிட்ட ஓடி வர மாட்டான். குழு நேரம் 12 நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. நீங்க உட்காருற இடம் முக்கியம்: சுவர்ப்பக்கம் முதுகு, முழு வகுப்பும் கண்ணில் படணும்.

பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) 5 நிமிஷம், எதிரில் கூடப் படிக்கிற பத்துப் பேர். கிளர்வினா (துருவிக் கேக்குறது) ஒரு நாள், வலுவூட்டல் (பாராட்டி ஊக்கப்படுத்துறது) ஒரு நாள்னு தனித்தனியாப் பழகுனது. நோட்டை எடுக்கச் சொல்றது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாத்துறது இதெல்லாம் அதில் கிடையாது. உங்க 10 நிமிஷம் போறது அங்கதான்.

காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளையா இருக்கும். வீட்டிலேயே மார்க்கரில் ரெண்டு கணக்கு எழுதிக்கோங்க. ஒண்ணு நேத்து நடத்துனது, ஒண்ணு போன வாரத்துது. உள்ளே போனதும் ஆணியில் மாட்டுங்க. வாயைத் திறக்க வேண்டாம், அவங்க போட ஆரம்பிக்கிறப்ப நீங்க போர்டைத் துடைச்சுத் தேதி எழுதலாம். முதல் மூணு நாள் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பாங்க. தினமும் நடந்தா ஒரு வாரத்தில் தாள் எங்கேன்னு அவங்களே கேப்பாங்க. ஒரு நாள் மாட்டி ரெண்டு நாள் விட்டா பழக்கம் வராது.

மீதியை இப்படிப் பிரிச்சுப் பாருங்க. தாள் கணக்கு 5 நிமிஷம். புதுசு 12 நிமிஷம், அதில் ஒரு கணக்கு நீங்க முழுசா, அடுத்தது பாதி நீங்க பாதி அவங்க, மூணாவது அவங்களே. பிறகு தனி வேலை 12 நிமிஷம். தப்பு விடை ரெண்டை போர்டில் எழுதி “எந்த இடத்தில் வழுக்குச்சு”ன்னு பேச 5 நிமிஷம் (யார் போட்டதுன்னு சொல்லாமல்). வீட்டுப்பாடத்தைக் கடைசி 3 நிமிஷத்தில், மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே எழுத வைங்க. மணி அடிச்சப்புறம் சொல்ற வீட்டுப்பாடம் காத்தோட போகும். கூட்டினா 37 வரும், மிச்சம் 3 நிமிஷம் எப்படியும் யாராவது சுற்றறிக்கை கொண்டுவந்து எடுத்துக்குவாங்க.

வேலை கொடுக்கும்போது நாலு கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாதீங்க. “நோட்டை எடுத்து, தேதி போட்டு, 14-ஆம் பக்கத்தில் மூணாவது கணக்கைப் பார்த்து...” என்றால் முதல் ரெண்டுதான் காதில் ஏறும். நோட்டு எல்லார் முன்னாலும் வந்தாச்சா பாருங்க, அப்புறம் அடுத்தது. வேலையைச் சொல்றப்ப எண்ணிக்கையும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்க: “மூணு கணக்கு, ஆறு நிமிஷம், அவங்கவங்க நோட்டில்”. சொன்னதும் நேரா கடைசி பெஞ்சுக்குப் போயிடுங்க. முன் பெஞ்ச் எப்படியும் போடும்.

---

மணிச்சட்டம் எழுதியது:

“புரிஞ்சுதா?” பற்றி யாரும் பேசவில்லையே. அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு, அது எந்த வகுப்பிலும் மாறாது. அதை எடுத்துவிட்டு, தப்பு விடைகளையே தேர்வாக வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். பின்னம் வரும்போது உதாரணத்துக்கு: 1/2 + 1/3 எவ்வளவு? போர்டில் ஒன்று, 2/5. இரண்டு, 5/6. மூன்று, 2/6. விரலால் காட்டச் சொல்லுங்கள், ஆனால் தலைக்கு மேலே தூக்கக் கூடாது. நெஞ்சோடு ஒட்டி, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல். “ஒன்று, இரண்டு, மூன்று, காட்டு” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில். ஒரு விரல் காட்டியவன் மேலேயும் மேலே, கீழேயும் கீழே கூட்டியவன். மூன்று விரல் காட்டியவன் பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியைத் தொடாமல் விட்டவன். ஐந்து விநாடியில் 44 பேரின் நிலைமையும் தெரியும். கழித்தல் மாதிரி எழுதிக் காட்ட வேண்டியதற்குச் சிலேட்டு இருந்தால் நல்லது. சிலேட்டைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அதைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை.

நம் ஊர் வகுப்புகளில் ஆசிரியருக்கே தெரியாமல் தொற்றிக்கொள்ளும் ஒரு பழக்கம் உண்டு. பாதிச் சொல்லைச் சொல்லி நிறுத்துவது. “பின்னத்தில் மேலே இருப்பது தொகு...?” “...தி!” “ஒன்பதும் ஏழும் பதி...?” “...னாறு!” வகுப்பு உற்சாகமாக இருப்பது போலத் தோன்றும். அவர்கள் முடிப்பது சொல்லின் ஓசையைத்தான், கணக்கை இல்லை. அந்த “பதி” வரைக்கும் நீங்களே விடையைக் கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வியை முதலில் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு பேரைச் சொல்லுங்கள். பேரை முதலில் சொன்னால் மற்ற 43 பேருக்கும் விடுமுறை. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி நிற்கும்போது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

---

டஸ்டர்தூசி எழுதியது:

போர்டைப் பற்றி நாலு வரி. கழித்தலில் அடித்து மேலே எழுதும் 3, 9, 12 இருக்கே, அதை எல்லாரும் பொடி எழுத்தில் எழுதுவாங்க. கடைசி பெஞ்சுக்கு அது தெரியவே தெரியாது. அங்கிருந்து பார்க்கிறவனுக்கு 402-க்குக் கீழே திடீர்னு 224 வந்த மாதிரி இருக்கும். மற்ற எண்ணின் அளவுக்கே எழுதுங்க, ரெண்டு அங்குல உயரம், மஞ்சள் சாக்பீஸில். சிவப்பும் நீலமும் கரும்பலகையில் எடுபடாது. போர்டை மூணாப் பிரிங்க: இடப்பக்கம் தேதியும் தலைப்பும் முழு மாதிரிக் கணக்கும், பீரியட் முடியும்வரை அழிக்கக் கூடாது. நடுவில் நடக்கிற கணக்கு. வலப்பக்கம் பக்கக் கணக்கு, அதை மட்டும் அழிக்கலாம். சாக்பீஸ் கீச்சிட்டா பாதியா உடைச்சுச் சாய்ச்சுப் பிடிங்க. எழுதிட்டு ஒரு தடவை பின்னாடி போய் நின்னு உங்க எழுத்தை நீங்களே படிச்சுப் பாருங்க.

---

வகுப்பறை_சன்னல் எழுதியது:

லீடர் பேர் எழுதுவது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். லீடர் தன் கூட்டாளி பேரை எழுத மாட்டான், சண்டை போட்டவன் பேரை முதலில் எழுதுவான். பேர் வந்துவிட்டவனுக்கு இனிமேல் அமைதியாக இருக்க ஒரு காரணமும் இல்லை. “ஒரு பெருக்கல் குறி, ரெண்டு பெருக்கல் குறி” என்று அதுவே விளையாட்டாகிவிடும். கடைசியில் போர்டில் 12 பேர், அவர்களை என்ன செய்வது என்று உங்களுக்குத்தான் சங்கடம். அடிப்பது மட்டுமில்லை, மனதைப் புண்படுத்தும் தண்டனையையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, வெளியே நிற்க வைப்பது எல்லாம் “சும்மா பயமுறுத்தத்தான்” என்று யாராவது ஸ்டாஃப் ரூமில் சொன்னால் கேட்காதீர்கள்.

சத்தத்துக்கு மேலே உங்கள் சத்தம் போகக் கூடாது. ஒரே இடத்தில், தினமும் அதே இடத்தில், கையை உயர்த்தி நில்லுங்கள். கடைசி ஆள் அடங்கும்வரை பாடத்தைத் தொடங்க வேண்டாம். சத்தத்துக்கு நடுவே ஒரு வாக்கியம் பேசிவிட்டால்கூட, “நாம பேசினாலும் டீச்சர் நடத்துவாங்க” என்று வகுப்பு கற்றுக்கொண்டுவிடும். கை தட்டல் தாளம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் அதுவும் பழகிப்போய், தட்டுவதே சத்தமாகிவிடும். ஒருவனைக் கண்டிக்க வேண்டுமென்றால் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவன் பதில் சொல்ல வேண்டிய நிலைமைக்குத் தள்ளப்படுகிறான், அதற்குச் சிரிக்க 43 பேர் தயார்.

திங்கள்தோறும் பெஞ்சுகள் ஒரு வரிசை முன்னால் நகரட்டும், முதல் பெஞ்ச் கடைசிக்குப் போகட்டும். கண் சரியாகத் தெரியாதவர்களை மட்டும் விதிவிலக்காக முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். யார் போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறார்கள் என்பதும் இந்த மாற்றத்தில்தான் தெரியவரும். கழிவறைக்கு ஒருவர் திரும்பிய பிறகு அடுத்தவர் என்று ஒரு மரக்கட்டையை மேசையில் வைத்துவிடுங்கள். அது மேசையில் இருந்தால் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். அவசரம் என்று வந்தால் கட்டை இல்லாவிட்டாலும் அனுப்பிவிடுங்கள். 6-ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் “இப்பத்தானே போனே” என்று எல்லோர் முன்னாலும் கேட்கவே வேண்டாம்.

---

புதுச்சாக்பீஸ் எழுதியது:

காலண்டர் தாளும் மரக்கட்டையும் நாளைக்கே. நோட்டு மட்டும் பாக்கி. ஹெச்.எம். பார்க்கும்போது எல்லா நோட்டிலும் கையெழுத்து இருக்கணும் என்கிறார்கள்.

---

இரண்டாம்_மணி எழுதியது:

ஒரு செக்‌ஷனுக்கு 44-ன்னா தினம் 11. வரிசை வாரியா எடுத்தா நாலு நாளில் ஒரு சுத்து, வெள்ளிக்கிழமை வராதவங்க நோட்டுக்கு. மூணு செக்‌ஷனுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 33, ஒரு ஓய்வுப் பீரியடில் முடியும், எல்லாக் கணக்கையும் பார்க்கலைன்னா. எல்லாத்தையும் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கணக்கை எடுத்து அதை மட்டும் வரி வரியாப் பாருங்க, எது பார்ப்பீங்கன்னு முன்கூட்டி சொல்லாதீங்க. தேதியோட கையெழுத்து அந்தக் கணக்குக்குக் கீழே.

பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி போடுறது யாருக்கும் எதையும் சொல்லாது. எந்த வரியில் வழுக்குச்சோ அந்த எண்ணை மட்டும் வட்டம் போடுங்க. 612 ÷ 6-க்கு 12 போட்டிருந்தா விடையை அடிக்காதீங்க, 1-இல் 6 போகாத அந்த இடத்தை வட்டம் போடுங்க. ஈவில் 0 விட்டுப்போனது அங்கதான். அவன் கீழே “திருத்தம்”னு எழுதித் திரும்பப் போடணும், 102 வரணும். அடுத்த சுத்தில் நீங்க முதலில் பார்க்குறது அந்தத் திருத்தத்தை. ஒரே பெஞ்சில் நாலு நோட்டிலும் 12 இருந்தா நாலு பேருக்கும் வட்டம் போட வேண்டாம், ஒருத்தன்தான் போட்டிருக்கான். மறுநாள் காலண்டர் தாளில் 824 ÷ 8 எழுதி மாட்டிட்டு அந்தப் பெஞ்ச் பக்கத்தில் போய் நில்லுங்க.